முதலாவது நல்லமோ, ரெண்டாவது நல்லமோ?

வெளிநாட்டுப் பயணம் என்றால் ஆள் வெளிநாட்டுக்குப் போகவேண்டும். நான் போகவில்லை. என்னிடம் பாஸ்போட் இல்லை. எடுக்கப் போனால் இங்கிலிசில் ஏதும் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் அந்தக் கந்தோர்ப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் போன ஆனி மாதம் ஒரு காலை, வெளிநாடு தானாகவே ஒரு சிவப்புச் சூட்கேசையும் ஒரு கறுப்புப் பெட்டியையும் இழுத்துக்கொண்டு வவுனியா ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது. அதை ஒரு பழைய வான் வண்டியில் ஏற்றிக் கிளிநொச்சி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை என்று வன்னி முழுக்கக் கொண்டு திரிந்தவன் நான். சொந்த ஊருக்குள்ளேயே நான் செய்த வெளிநாட்டுப் பயணம் இது.

சிவப்புச் சூட்கேஸ் மிஸ் லிம்முடையது. கறுப்புப் பெட்டி என் மகள் ஆரணியுடையது. ஆரணி மலேசியாவில் கடைசி வருசம் படிக்கிறாள். என்ன படிப்பு என்று சனம் கேட்டால் நான் "கண் டொக்டர்" என்று சொல்லிவிடுவேன். அவள் பக்கத்தில் நின்றால் முறைப்பாள். "டொக்டர் இல்லை அப்பா. ஒப்டோமெட்ரி. கண்ணைச் சோதிச்சு, என்ன கண்ணாடி போடவேணும் எண்டு சொல்லுற படிப்பு." சரியென்று ஒருமுறை "கண்ணாடிப் படிப்பு" என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த கிழமை ஒரு மனுசன் அலுமாரிக் கதவுக்குக் கண்ணாடி போட அளவோடு வந்து நின்றார்.

மிஸ் லிம் அவளுடைய விரிவுரையாளர். மலேசியாச் சீனத்தி. ஐம்பது வயதிருக்கும், கட்டை ஆள், தலையில் பெரிய தொப்பி. கடைசி வருசப் பிள்ளைகள் ஒரு கிராமத்துக்குப் போய், அந்தச் சனத்தின் பாசையிலேயே கதைத்து, கண் சோதித்துக் காட்டவேண்டுமாம். கூடப் படிக்கிறவர்கள் மலேசியாக் கிராமங்களிலேயே செய்து முடித்துவிட்டார்கள். இவள் "நான் என்ர ஊரில செய்யிறன்" என்று நின்றதால், சோதினை போடுகிற ஆளும் கூடவே வந்திருந்தார். இதில் தவறினால் திருப்பி அடுத்த வருசம். மாணவர் விசா இந்த வருசத்தோடு முடிகிறது. புது விசா தருவார்களோ மாட்டார்களோ, அது அந்த அரசாங்கத்தின் மனசு.

இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், தண்ணீர்ப் பம்பி திருத்துகிறவன். சோதினை என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு பம்பியைக் கழற்றத் தொடங்கிவிடுவேன். அது ஆருடைய சோதினையாக இருந்தாலும் ஒன்றுதான்.

வான் அஸீஸ் நானாவுடையது. முல்லைத்தீவு முஸ்லிம் ஆள், என்னைவிடப் பத்து வயது மூப்பு, அதனால்தான் நானா, அண்ணன். வானின் பின்கதவு பூட்டாது, கயிற்றால்தான் கட்டுவார். "உந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ள என்ன?" என்றார். "இருநூறுக்கு மேல கண்ணாடி வில்லை மாமா" என்றாள் ஆரணி. நான் உடனே இறங்கி இன்னொரு கயிறு போட்டேன். பிறகு அதுவும் காணாதென்று பெட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மிஸ் லிம் என்னைப் பார்த்து முதலில் சொன்ன சொல்லே "அண்ணே" என்பதுதான். எனக்குக் குளிர்ந்துபோனது. எவ்வளவு மரியாதையான மனுசி! ஆரணி காதுக்குள் சொன்னாள்: "அங்க ரொட்டிக் கடையில தேத்தண்ணி ஊத்துறவையை எல்லாரும் அண்ணே எண்டுதான் கூப்பிடுறவை அப்பா. அவவுக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான்."

அஸீஸ் நானாவுக்கு அது போதும். ஓமந்தை தாண்டும்வரைக்கும் "அண்ணே, ஒரு பிளேன்ரீ!" என்று என்னைப் பகிடி பண்ணிக்கொண்டே ஓடினார்.

ஏ-ஒன்பது வீதியில் பாலைப்பழக் காலம். காட்டுக்குள் ஆய்ந்து கொண்டுவந்து, மஞ்சள் மஞ்சளாகக் குவித்து வைத்து விற்பார்கள். மிஸ் லிம் வானை நிற்பாட்டச் சொன்னார். வாங்கினார். ஒன்று போட்டார், கண் விரிந்தது. பிறகு கைப்பிடியாக அள்ளிப் போட்டார். பாலைப்பழத்தைப் பற்றி ஆராவது அவவுக்குச் சொல்லியிருக்கவேண்டும். எல்லாரும் மற்றவர் சொல்லுவார் என்று இருந்துவிட்டோம்.

அந்த நேரம் பார்த்து அவா ஆரணிக்குச் சோதினை விதிகளைச் சொல்லத் தொடங்கியிருந்தார். "நீ இதில் தவறினால்…" என்று ஆரணி எனக்கு மொழிபெயர்த்த இடத்தில் பழத்தின் பால் இறுகி, மேலுதடும் கீழுதடும் ஒட்டிக்கொண்டன. அவா தலையை ஆட்டுகிறார், கையை ஆட்டுகிறார், சத்தம் மட்டும் மூக்கால் வருகிறது. தவறினால் என்ன நடக்கும் என்பது எனக்குக் கேட்காமல் போனதே பெரிய ஆறுதல். மாங்குளத்தில் ஒரு கடையில் தேங்காயெண்ணெய் வாங்கித் தடவித்தான் வாயைத் திறந்தோம். திறந்ததும் அவா சொன்ன முதல் வசனத்தை ஆரணி மொழிபெயர்த்தாள்: "இன்னும் பழம் இருக்கிறதா?"

அடுத்த நாள் இரணைமடுப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபம். காலையிலேயே நல்ல சனம். ஆரணி சுவரில் ஒரு படத்தைத் தொங்கவிட்டாள். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் பொருந்துகிற படம்: இங்கிலிசு E மாதிரி மூன்று கவர் உள்ள ஒரே குறி, மேலே பெரிதாகவும் கீழே போகப்போகச் சின்னதாகவும். கவர் எந்தப் பக்கம் பார்க்கிறதென்று கையால் காட்டவேண்டும். எங்கள் சனம் அதற்குப் பத்து நிமிசத்தில் "முள்ளுக்கரண்டி" என்று பேர் வைத்துவிட்டது.

முதலாவதாக ஒரு ஐயா வந்து கதிரையில் இருந்தார். நாலாவது வரிசையில் தடுமாறினார். உடனே வரிசையில் நின்ற சனம் முழுவதும் பின்னாலிருந்து, "இடப்பக்கம்! இடப்பக்கம் காட்டு சின்னத்துரை! இப்ப கீழ்ப்பக்கம்!" என்று கத்தியது. ஐயா கடைசி வரிசைவரை ஒரு பிழையில்லாமல் பாஸ். சனம் கைதட்டியது.

மிஸ் லிம் தொப்பியைக் கழற்றினார். "இந்த ஊரில் பார்வைக் குறைபாடே இல்லையா?" என்று கேட்டதாக ஆரணி சொன்னாள். பிறகு எல்லாரையும் மாமரத்துக்குக் கீழ் அனுப்பிவிட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டோம். அப்படியும் ஒரு மனுசி, வெளியே வந்தவரிடம் விடையைக் கேட்டு விரலில் எண்ணிப் பாடமாக்கிக்கொண்டு உள்ளே போனா. சோதினை என்றால் ஒருவரை ஒருவர் கைவிடமாட்டோம்.

இது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல் பிறகுதான் வந்தது.

ஆரணி ஒரு வட்டமான இரும்புக் கண்ணாடிச் சட்டத்தை ஆட்களின் மூக்கில் மாட்டுவாள். அதற்குள் ஒரு வில்லையைப் போட்டுக் காட்டுவாள், பிறகு அதை எடுத்து இன்னொன்றைப் போடுவாள். "முதலாவது நல்லமோ, ரெண்டாவது நல்லமோ?" இதுதான் கேள்வி. அவர்கள் சொல்லச் சொல்ல வில்லையை மாற்றி மாற்றிச் சரியான இடத்துக்கு வருவாள். மலேசியாவில் மலாயிலும் இங்கிலிசிலும் ஆயிரம் தரம் கேட்டவள். அங்கே சனம் "முதலாவது", "ரெண்டாவது" என்று டக்கு டக்கென்று சொல்லுமாம்.

எங்கள் சனம் சொன்னதைக் கேளுங்கள்.

"ரெண்டும் நல்லம் பிள்ளை."

"இல்லை ஐயா, எது கூட நல்லம்?"

"நீங்கள் போட்டது கூடாமல் போகுமோ? ரெண்டும் திறம்."

அடுத்தவர்: "எது உங்களுக்கு வசதியோ அதைப் போடுங்கோ. எங்களுக்கு ஒண்டும் பிரச்சினை இல்லை."

அதற்கடுத்தது ஒரு வயதுபோன அம்மா. ஆரணி கேள்வியை மாற்றிப் பார்த்தாள். "அம்மா, இப்ப வடிவாத் தெரியுதோ?"

வடிவு என்றால் எங்களுக்குத் தெளிவும்தான், அழகும்தான். அம்மா படத்தைப் பார்க்கவில்லை, இவளை நிமிர்ந்து பார்த்தா. "ஓம் பிள்ளை. நீ நல்ல வடிவாத்தான் தெரியிறாய். கொஞ்சம் மெலிஞ்சுபோனாய், அதுதான். அங்க சாப்பாடு சரியில்லையோ?"

மனசைப் புண்படுத்தக்கூடாது, அவ்வளவுதான். கடல் தாண்டிப்போய்ப் படித்துவிட்டு ஒரு பிள்ளை கையால் எடுத்துப் போடுகிறது. அதன் முகத்துக்கு நேரே "இது கூடாது" என்று எப்படிச் சொல்வது? நானும் அந்த இனம்தான். தேநீர்க் கடையில் சீனி காணுமோ என்று கேட்டால், சீனியே போடாத தேத்தண்ணிக்கும் "காணும், காணும்" என்று சொல்லிக் குடிக்கிறவன்.

மத்தியானம் குளத்து மீன் குழம்பு. மீனின் பேர் என்ன என்று மிஸ் லிம் கேட்டார். யப்பான் மீன் என்றேன், திலாப்பியாவுக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர். யப்பானிலிருந்து இவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுவருகிறீர்கள் என்று கேட்டார். "நீந்தித்தான் வருது எண்டு சொல்லு" என்றார் அஸீஸ் நானா. ஆரணி அதை அப்படியே சொல்லிவிட்டாள். அவா அரைவாசி நம்பியது போலத்தான் இருந்தது. மீனை மட்டும் முள்ளு முள்ளாக நக்கி வைத்தார்.

பின்னேரம் எங்கள் வீட்டில், பலகாரத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, மிஸ் லிம் அன்றைக்குப் பார்த்த ஆட்களின் விபரங்களைப் புரட்டினார். குரல் உயரவில்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருந்தது. அவா அறைக்குப் போனதும் ஆரணியைக் கேட்டேன்.

"என்ன சொன்னவா?"

"ஒண்டுமில்லை அப்பா."

"சொல்லு பிள்ளை."

"கண்ணுக்குள்ள வெளிச்சம் அடிச்சுப் பார்த்தால் எந்த வில்லை கிட்டத்தட்டச் சரி எண்டு எனக்குத் தெரியும். ஒரு மெசினும் அதைச் சொல்லும். ஆனால் கடைசிச் சொல்லை ஆள்தான் சொல்லவேணும். ஆளைச் சொல்ல வைக்கிறதுதான் உன்ர படிப்பு எண்டவா. உன்ர சொந்தப் பாசையிலயே உன்னால கேட்கேலாட்டி நான் உன்னை எப்படிப் பாஸ் பண்ணுறது எண்டவா." அவள் ஒரு முறுக்கை எடுத்து உடைத்தாள், சாப்பிடவில்லை. "மலாயில கேட்க எனக்கு வருதப்பா. தமிழிலதான் வரேல்ல."

என் மனிசி குசினிக்குள்ளிருந்து, "நீங்கள் போய்ப் படுங்கோ, நீங்கள் யோசிச்சு என்ன நடக்கப்போகுது" என்றா. போய்ப் படுத்துக்கொண்டு யோசித்தேன்.

மூன்றாம் நாள், ஒட்டுசுட்டான் போகிற வழியில் யானை நின்றது. ஒற்றை யானை, ரோட்டுக்குக் குறுக்கே, வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. அஸீஸ் நானா எஞ்சினை நிற்பாட்டினார். நான் கறுப்புப் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தெரிந்த கடவுள் எல்லாரையும் கூப்பிட்டேன். மிஸ் லிம் யன்னல் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தார். ஆரணி மொழிபெயர்த்தாள்: "அண்ணே ஏன் நடுங்குறார் எண்டு கேட்கிறா. தங்கட நாட்டிலயும் யானை இருக்காம்."

"அந்த யானையைப் போய் முன்னுக்கு நிக்கச் சொல்லு, இதோட கதைக்கட்டும்" என்றேன்.

யானை தன் பாட்டில் காட்டுக்குள் இறங்கியது. வான் ஸ்ராட் ஆகவில்லை. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். மிஸ் லிம் தொப்பியோடு எனக்குப் பக்கத்தில் நின்று தள்ளினார். ஆரணிக்கு மாக்ஸ் போடுகிற கை பழைய வான் தள்ளுகிறதே என்று எனக்கு அதிலும் ஒரு கவலை. சைக்கிளில் வந்த இரண்டு பேர் இறங்கி உதவி செய்தார்கள். வான் உறுமத் தொடங்கியதும் அஸீஸ் நானா அவர்களிடம் வழி கேட்டார். முன்னால் ரோட்டு இரண்டாகப் பிரிகிறது.

"தம்பிமார், இஞ்சால போறது நல்லமோ, குளத்தடியால போறது நல்லமோ?"

"ரெண்டும் நல்ல ரோட்டுத்தான் நானா" என்றான் ஒருவன்.

"எதாலயும் போகலாம்" என்றான் மற்றவன்.

அஸீஸ் நானா நாற்பது வருசம் ரோட்டில் திரிந்தவர். பெருமூச்சு விட்டார். "கிளிநொச்சியில ஒருத்தன் சொன்னவன், குளத்தடி ரோட்டுத்தான் திறம் எண்டு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். "ஆர் அப்பிடிச் சொன்னவன்?"

"அவன் இந்தப் பக்கம் வந்தே இருக்கமாட்டான்!"

"குளத்தடியால போனால் மதகடியில தாழுவியள். விசரனோ அவன்? நீங்கள் இதால போங்கோ நானா."

வான் கொஞ்சத் தூரம் போனதும் பின்சீற்றில் ஆரணி சிரிக்கத் தொடங்கினாள். தனியச் சிரித்தாள். பிறகு கையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். யானையைக் கண்ட பயத்தில் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

ஒட்டுசுட்டானில் முதல் வந்தது கமக்காரர் ஒருவர், பெரிய மீசை. இரும்புச் சட்டத்தை மாட்டியாயிற்று. ஒரு வில்லை, இன்னொரு வில்லை. வழக்கம் போல அவர் "ரெண்டும்…" என்று தொடங்கினார்.

ஆரணி குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, என்னோட அங்க படிக்கிற பெடியன் ஒருத்தன் இருக்கிறான். அவன் சொல்லுறான் முதலாவதுதான் நல்லமெண்டு. அவன் சொல்லுறது சரியோ?"

மீசைக்காரர் நிமிர்ந்து இருந்தார். "எங்க, திருப்பிக் காட்டுங்கோ பாப்பம்… அவனுக்கு என்ன தெரியும்? ரெண்டாவதுதான் திறம். முதலாவது பனிப்புகார் மாதிரிக் கிடக்கு."

"இப்ப அவன் சொல்லுறான்…"

"அவன் சொல்லட்டும்! நான் சொல்லுறன், பழையதே நல்லம்!"

ஐந்து நிமிசத்தில் அவருக்குக் கண்ணாடி கணக்காக வந்துவிட்டது. கீழ் வரிசை முள்ளுக்கரண்டிகளை ஆருடைய உதவியும் இல்லாமல் காட்டினார். எழும்பும்போது ஆரணியின் தலையில் கை வைத்து, "உந்தப் பெடியன்ர கதையைக் கேளாதை பிள்ளை" என்று புத்தியும் சொன்னார்.

மத்தியானத்துக்குள் அந்தப் பெடியனை முழு ஒட்டுசுட்டானும் திட்டிவிட்டது. மிஸ் லிம்முக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் கண் இருந்தது. "ஏன் எல்லாரும் கோபமாகப் பதில் சொல்கிறார்கள்?" என்று கேட்டார். ஆரணி விளக்கினாள். அவா சத்தமாகச் சிரித்து, பிறகு ஆசிரியையாக மாறி ஒரு நிபந்தனை போட்டார். அந்தப் பெடியன் எப்போதும் பிழையாகவே சொல்லக்கூடாது. அப்படியென்றால் ஆட்கள் வில்லையைப் பார்க்காமலே மறுத்துவிடுவார்கள். அவன் ஒருக்கால் சரியாகவும் ஒருக்கால் பிழையாகவும் சொல்லவேண்டும். அப்போதுதான் பார்த்துச் சொல்லுவார்கள்.

அன்று பின்னேரமே எனக்குக் கெடுகாலம் தொடங்கியது. வெளியே வந்த ஒரு மனுசி என்னை ஓரமாகக் கூப்பிட்டா. "தம்பி, குறை நினைக்காதையுங்கோ. அந்தப் பெடியன் ஒரு நிலையில்லாத ஆள் போல கிடக்கு. முதல் ஒண்டு சொல்லுறான், உடன மாத்திச் சொல்லுறான். வடிவா விசாரிச்சுத்தானோ செய்யிறியள்?"

"என்ன செய்யிறம்?"

"கலியாணம்தான்."

நான் வானுக்குப் போனேன். அஸீஸ் நானா சீற்றைச் சாய்த்து விட்டுப் படுத்திருந்தார். "நானா, ஒரு கதை வந்து கிடக்கு."

"அதோ? தேத்தண்ணிக் கடையில என்னட்டயும் கேட்டவை. நான் ஒண்டும் சொல்லேல்ல தம்பி. பெடியன் நல்ல உயரம் எண்டு மட்டும் சொன்னனான்."

மறுநாள் முள்ளியவளை. நாங்கள் போய்ச் சேர முன்பே அந்தப் பெடியன் போய்ச் சேர்ந்திருந்தான். உயரமானவன், மலேசியாவில் படிக்கிறவன், இரண்டு மனசுக்காரன். கோயிலடியில் இறங்கியதும் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொருவர், "இப்பத்தைய பெடியள் அப்பிடித்தான், கட்டினாப்பிறகு சரிவருவாங்கள்" என்று ஆறுதல் சொன்னார். மனிசி தொலைபேசியில் எடுத்தா.

"வவுனியாவில இருந்து என்ர மச்சாள் கேக்கிறா, கலியாண எழுத்து முடிஞ்சுதோ எண்டு. எனக்கு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

"அது கண்ணாடிக்குச் சொன்ன பொய்யப்பா!"

"கண்ணாடிக்கு ஆரும் பொய் சொல்லுவினமோ?"

கட் பண்ணிவிட்டா. நான் வேப்பமரத்துக்குக் கீழ் இருந்து அந்தக் கேள்வியை யோசித்தேன். நியாயமான கேள்விதான். பொய் என்றால் ஏன் ஒரு பெடியன்? பெட்டை ஒருத்தி என்று சொல்லியிருக்கலாமே? வாத்தியார் என்று சொல்லியிருக்கலாமே? அதுவும் முதல் தரம் சொன்னபோதே தடுமாறாமல் சொன்னாளே. இடைவேளையில் ஒரு இளநீரை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"பிள்ளை, அந்தப் பெடியன்…"

"எந்தப் பெடியன்?"

"அதுதான், நீ சொல்லுற…"

அவள் இளநீரை ஒரேயடியாகக் குடித்துவிட்டுக் கோம்பையை என் கையில் தந்தாள். "அப்பா, சனம் காத்துக்கொண்டிருக்கு." போய்விட்டாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

சனம் குறைந்த நேரத்தில் மிஸ் லிம் பேனையை எடுத்தார். இனித்தான் உண்மையான மாக்ஸ். ஒரு ஆளைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை அவா பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். நாற்பதைத் தாண்டிய, கிட்டப் பார்வைக்கு வெள்ளெழுத்து விழுந்த ஆளாக இருக்கவேண்டும். அதற்கென்று வரச்சொல்லி வைத்திருந்த கடைக்கார அம்மா, பெறாமகளின் கலியாணமென்று காலையிலேயே புதுக்குடியிருப்புக்குப் போய்விட்டா. மற்ற ஆட்களை ஆரணி ஏற்கெனவே பார்த்து முடித்துவிட்டாள். இரவு ரயிலுக்கு வவுனியா போகவேண்டும்.

மிஸ் லிம் சுற்றிப் பார்த்தார். நான் அப்போது தொலைபேசியைக் கை நீட்டின தூரத்தில் பிடித்துக்கொண்டு, மனிசி அனுப்பிய குறுஞ்செய்தியை வாசிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே" என்றார்.

நான் மறுக்க எல்லாக் காரணமும் சொன்னேன். கண்ணுக்குள் தூசி என்றேன். வானுக்கு ஆள் வேணும் என்றேன். அஸீஸ் நானா, "வான் எங்கயும் ஓடாது தம்பி, அது தள்ளினால்தான் ஓடும்" என்று என்னைக் கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினார். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் இருந்த முதல் சோதினை. அதுவும் பெயிலானால் நான் இல்லை, பிள்ளை பெயில்.

ஆரணி இரும்புச் சட்டத்தை என் மூக்கில் வைத்தாள். கை குளிர்ந்திருந்தது. கண்ணுக்குள் வெளிச்சம் அடித்தாள். முள்ளுக்கரண்டி காட்டச் சொன்னாள், காட்டினேன். பிறகு சின்னத் தமிழ் எழுத்தில் ஏதோ அடித்த ஒரு மட்டையைக் கையில் தந்தாள். எறும்பு ஊர்வது போலத்தான் இருந்தது. ஒரு வில்லையைப் போட்டாள். எழுத்து வந்தது. எடுத்து மற்றதைப் போட்டாள். அதிலும் வந்தது.

"முதலாவது நல்லமோ, ரெண்டாவது நல்லமோ?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. முதலாவது என்று சொன்னால் ரெண்டாவது சரியாக இருக்குமோ? ரெண்டாவது என்று சொல்லி அது பிழைத்துப்போனால்? மிஸ் லிம்மின் பேனை என் காதடியில் நின்றது.

"ரெண்டும் நல்லம் பிள்ளை" என்று என் வாய் சொல்லிவிட்டது.

ஆரணி கையிலிருந்த வில்லையைத் துணியால் துடைத்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய முகம் மங்கலாகத் தெரிந்தது. பிறகு குனிந்தாள்.

"அப்பா. என்னோட படிக்கிற பெடியன் ஒருத்தன் இருக்கிறான்."

"ம்."

"அவன் சொல்லுறான், முதலாவதுதான் நல்லமெண்டு. அவன் சொல்லுறது சரியோ?"

யன்னலடியில் நின்ற சனம் தலையை உள்ளே நீட்டியது, அஸீஸ் நானாவும்தான். இந்த இரண்டு நாளாக இந்தக் கேள்விக்கு முழு வன்னியும் பாய்ந்து பாய்ந்து பதில் சொன்னது. எனக்கு மட்டும் பாலைப்பழம் தின்றது போல வாய் ஒட்டிக்கொண்டது.

"முதலாவதைத் திருப்பிக் காட்டு."

காட்டினாள்.

"ரெண்டாவது."

காட்டினாள்.

"இன்னொருக்கால் முதலாவது." மட்டையைப் பார்த்தேன். 'பின்னேரம் மழை வரும், உடுப்பை எடுத்து வை' என்று ஒரு வரி. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, புள்ளியெல்லாம் புள்ளியாக நின்றது. ரெண்டாவதில் புள்ளிகள் கொஞ்சம் கலங்கின. இப்போது சரியாகத் தெரிந்தது. ஆருக்காகவும் சொல்லவேண்டியதில்லை, அது அப்படித்தான் இருந்தது.

"அவன் சொன்னது சரி" என்றேன்.

மிஸ் லிம்மின் பேனை ஓடியது. அவா எழுதி முடித்து, கையெழுத்துப் போட்டு, மூடியை மூடிவிட்டு, வன்னியில் தான் படித்த ஒரே சொல்லைச் சொன்னார்.

"நல்லம்."

யன்னலடியில் சனம் கைதட்டியது. ஆரணி சிரிக்கவில்லை. கறுப்புப் பெட்டிப் பக்கம் திரும்பி, வில்லைகளை அதன் அதன் குழிக்குள் வைக்கத் தொடங்கினாள்.

"கண்ணாடியைத்தானே அப்பா சொன்னனீங்கள்?" என்று திரும்பாமல் கேட்டாள்.

"பின்ன, நான் வேற என்னத்தைச் சொன்னனான்?"

கையிலிருந்த வில்லையை ஒரு குழிக்குள் வைத்தாள். பிழையான குழி. எடுத்தாள், இன்னொன்றில் வைத்தாள், அதுவும் பிழை. இருநூறுக்கு மேல் வில்லையைக் கண்ணை மூடிக்கொண்டு அடுக்குகிற பிள்ளை. காது இரண்டும் சிவந்து, உதட்டோரம் ஒரு சிரிப்பை மடித்து வைத்திருந்தாள்.

இரும்புச் சட்டம் இன்னும் என் மூக்கில்தான் இருந்தது. வடிவாகத் தெரிந்தது.